அமானுஷ்யக் கதைகளும் விநோதக் கதைகளும்: ஒரு சாதாரண வாசகரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இவற்றுக்குப் பதில் சொல்பவர் யார்?

நான் இலக்கியம் கற்பிப்பவன் அல்லன். கணக்கு எழுதும் வேலை பார்ப்பவன். இரவு உணவுக்குப் பிறகு கிடைக்கும் ஒரு மணி நேரத்தில், பதினைந்து ஆண்டுகளாகப் பேய்க் கதைகளையும் விநோதக் கதைகளையும் படித்து வருகிறேன். நான் படித்தவற்றில் பெரும்பகுதி 1890 முதல் 1940 வரையான அரை நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. வீட்டாரும் நண்பர்களும் உடன் வேலை செய்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே சற்று விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன். சில கதைகளின் முடிவையும் சொல்ல நேர்ந்திருக்கிறது. அதைத் தவிர்த்துவிட்டு அந்தக் கதைகளின் சிறப்பை விளக்க எனக்கு வழி தெரியவில்லை.

பேய்க் கதை, திகில் கதை, விநோதக் கதை எல்லாம் ஒன்றுதானா?

பேச்சு வழக்கில் ஒன்றாகத்தான் சொல்கிறோம். படிக்கும்போது வேறுபாடு புலப்படும். பேய்க் கதையில் இறந்த ஒருவர் திரும்பி வருகிறார். அவர் யார், என்ன குறையோடு வந்தார் என்பதற்குக் கதைக்குள்ளேயே விடை இருக்கும். திகில் கதைக்குப் பேய் தேவையில்லை. இருட்டில் கத்தியோடு நிற்கும் மனிதன் ஒருவன் போதும். விநோதக் கதையிலோ வந்தது என்ன என்பதே கடைசி வரை தெளிவாவதில்லை. ஏதோ ஒன்று நம் உலகத்துக்குள் நுழைந்துவிட்டுப் போயிருக்கிறது என்பது மட்டும் உறுதியாகத் தெரியும்.

பல்கேரியாவில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த திறனாய்வாளர் ஸ்வேதான் தொதொரோவ் 1970இல் வெளியான தம் நூலில் இதற்கு ஓர் இலக்கணம் வகுத்தார். நடந்ததற்கு இயற்கையான விளக்கம் உண்டா, அல்லது அது உண்மையிலேயே இயற்கைக்கு அப்பாற்பட்டதா என்று முடிவுசெய்ய இயலாமல் வாசகர் தயங்கி நிற்கும் அந்த நேரமே இவ்வகைப் புனைவின் உயிர் என்பது அவர் கருத்து. எல்லாக் கதைகளுக்கும் இது பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை. ஆயினும் எனக்கு மிகவும் பிடித்த கதைகள் அந்தத் தயக்கத்தைக் கடைசி வரிக்குப் பிறகும் நீட்டிப்பவையாகவே இருக்கின்றன.

இவ்வகை எழுத்து எப்போது தொடங்கியது?

பேயைப் பற்றிய கதைகள் எல்லா மொழியிலும் உண்டு. அவற்றுக்குத் தொடக்கம் தேட முடியாது. ஆங்கிலத்தில் அச்சிட்ட நாவல் வடிவத்துக்கு மட்டும் 1764 டிசம்பரில் வெளியான ஹோரஸ் வால்போலின் 'ஒட்ராண்டோ கோட்டை'யைத் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். வால்போல் அதைத் தம் பெயரில் வெளியிடவில்லை. பழைய இத்தாலிய நூலொன்றின் மொழிபெயர்ப்பு என்றே முதற்பதிப்பில் சொல்லியிருந்தார். கிடைத்த ஏடு, பழைய கடிதம், யாரோ விட்டுச்சென்ற நாட்குறிப்பு என்று ஏதேனும் ஓர் ஆவணத்தின் மேல் கதையை ஏற்றிச் சொல்லும் பழக்கம் அன்றிலிருந்து இந்த எழுத்தை விட்டு நீங்கவே இல்லை.

1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் வானத்தில் பரவியதால் அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடைக்காலமே இல்லாமல் போயிற்று. ஜெனீவா ஏரிக்கரையில் ஒரு மாளிகையில் மழையால் அடைபட்டுக் கிடந்த கவிஞர் பைரனும் அவர் நண்பர்களும் ஜெர்மானியப் பேய்க் கதைகளைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு, ஆளுக்கு ஒரு பேய்க் கதை எழுதுவது என்று முடிவுசெய்தார்கள். அந்தக் கூட்டத்திலிருந்துதான் மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' 1818இலும், மருத்துவர் பொலிடோரியின் இரத்தக்காட்டேரிக் கதை 1819இலும் வெளிவந்தன. பின்னர் டப்ளினைச் சேர்ந்த ஷெரிடன் லெ ஃபானு பேயைக் கோட்டையிலிருந்து படுக்கையறைக்குக் கொண்டுவந்தார். நான் விரும்பிப் படிக்கும் கதைகள் அவருக்குப் பின் வந்தவர்களுடையவை.

முதல் முறையாகப் படிக்க விரும்புபவர் எந்தக் கதையிலிருந்து தொடங்கலாம்?

எவர் கேட்டாலும் டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் எழுதி 1902இல் வெளியான 'குரங்கின் பாதம்' என்ற சிறுகதையையே சொல்கிறேன். ஜேக்கப்ஸ் லண்டன் துறைமுகப் பகுதியான வாப்பிங்கில் பிறந்தவர். கப்பல் தொழிலாளிகளைப் பற்றிய நகைச்சுவைக் கதைகளுக்காகவே அவர் காலத்தில் பெயர் பெற்றிருந்தார். ஒரு குடும்பம் மாலையில் எப்படிப் பேசிக்கொள்ளும், எதற்கெல்லாம் சிரிக்கும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். கதையின் வலிமை அங்கிருந்துதான் வருகிறது.

வெளியே மழை பெய்கிறது. உள்ளே அப்பாவும் மகனும் சதுரங்கம் ஆடுகிறார்கள். அம்மா அடுப்படியில் பின்னல் வேலை செய்துகொண்டிருக்கிறார். இந்தியாவில் படைவீரராக இருந்து திரும்பிய நண்பர் ஒருவர், ஒரு பக்கிரி மந்திரித்துக் கொடுத்த உலர்ந்த குரங்குப் பாதம் ஒன்றைக் காட்டுகிறார். அது மூன்று பேருக்கு மூன்று மூன்று வரம் தருமாம். முதலில் வைத்திருந்தவர் மூன்றாவது வரமாகக் கேட்டது தம் சாவை என்று அவர் சொல்லும் இடத்தில் ஒரு கணம் அறையில் பேச்சு நின்றுவிடுகிறது. பிறகு மகன் விளையாட்டாகச் சொல்ல, அப்பா இருநூறு பவுண்டு பணம் கேட்கிறார். மறுநாள் மகன் வேலை செய்யும் தொழிற்சாலையிலிருந்து ஒருவர் வருகிறார். மகன் இயந்திரத்தில் சிக்கி இறந்துவிட்டான். நிறுவனம் பொறுப்பு எதையும் ஏற்கவில்லை என்றாலும், அவன் உழைப்பைக் கருதி ஒரு தொகை தருகிறது. அந்தத் தொகை இருநூறு பவுண்டு.

இதை முதலில் படித்தபோது நான் அந்த வரியில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கணக்கு எழுதுபவன் என்பதாலோ என்னவோ, ஓர் உயிருக்கு ஈடாக முழுத் தொகையாக ஓர் எண் வந்து நிற்பது, பேய் வந்து நிற்பதைவிட எனக்குக் கொடுமையாகப் பட்டது. மகனை அடக்கம் செய்து ஒரு வாரம் கழித்து, தாய் இரண்டாவது வரத்தைக் கேட்கச் சொல்கிறாள். இரவில் கதவு தட்டப்படுகிறது. மேல் தாழ்ப்பாள் எட்டாமல் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறுகிறாள். தந்தையோ தரையில் தவழ்ந்து அந்தப் பாதத்தைத் தேடுகிறார். அது கையில் சிக்கியதும் மூன்றாவது வரத்தைக் கேட்கிறார். தட்டும் ஓசை நின்றுவிடுகிறது. கதவு திறந்ததும் தெருவிளக்கின் வெளிச்சத்தில் ஆளில்லாத சாலை மட்டும் தெரிகிறது.

மூன்றாவது வரத்தின் சொற்களை ஜேக்கப்ஸ் எழுதவில்லை. கதவுக்கு வெளியே நின்றது எப்படி இருந்தது என்பதையும் அவர் எழுதவில்லை. எழுதாமல் விட்ட அந்த இரண்டையும் வாசகரே தம் மனத்தில் எழுதிக்கொள்கிறார். அவரவர் எழுதிக்கொள்வதே அவரவருக்கு மிகவும் அச்சம் தருவதாக இருக்கும்.

எம். ஆர். ஜேம்ஸை ஏன் எல்லோரும் இவ்வளவு புகழ்கிறார்கள்?

மாண்டேகு ரோட்ஸ் ஜேம்ஸ் (1862–1936) தொழிலால் எழுத்தாளர் அல்லர். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின் தலைவராகவும் பிறகு ஈட்டன் பள்ளியின் தலைவராகவும் இருந்தவர்; கேம்பிரிட்ஜ் கல்லூரிகளின் நூலகங்களில் இருந்த இடைக்காலக் கையெழுத்துப் பிரதிகளுக்கு விரிவான அட்டவணைகள் தயாரித்த பேரறிஞர். கிறிஸ்துமஸ் இரவுகளில் தம் அறையில் கூடிய நண்பர்களுக்கு மெழுகுவத்தி வெளிச்சத்தில் படித்துக் காட்டுவதற்காகவே பேய்க் கதைகளை எழுதினார். முதல் தொகுப்பு 1904இல் எட்டுக் கதைகளோடு வெளிவந்தது.

அவருடைய கதைகளில் நான் அதிகம் திரும்பிப் படித்தது, கடற்கரை ஊரொன்றில் விடுமுறைக்குத் தங்கும் பார்க்கின்ஸ் என்ற இளம் பேராசிரியரைப் பற்றியது. அவர் பேய், ஆவி எதிலும் நம்பிக்கை இல்லாதவர். அந்தப் பேச்சையே வெறுப்பவர். இடிந்து கிடக்கும் ஒரு பழைய மடத்தின் மண்ணுக்குள்ளிருந்து வெண்கல ஊதல் ஒன்றை எடுத்துவருகிறார். திரும்பும் வழியில், தொலைவில் ஓர் உருவம் தம்மை எட்டிப் பிடிக்க முயன்றுகொண்டே இருப்பதைப் பார்க்கிறார். அறைக்கு வந்து ஊதலைச் சுத்தம் செய்து ஊதிப் பார்க்கிறார். உடனே பெருங்காற்று எழுகிறது.

விடுதி அறையில் இரண்டு கட்டில்கள் இருக்கின்றன. அவர் படுப்பது ஒன்றில் மட்டும். மறுநாள் காலையில் பணிப்பெண், எந்தக் கட்டிலுக்குக் கூடுதல் போர்வை போடவேண்டும் என்று கேட்கிறாள். இரண்டிலும் ஆள் படுத்திருந்த அடையாளம் இருந்தது என்கிறாள். ஜேம்ஸின் முழுத் திறமையும் இந்த இடத்தில் இருக்கிறது. அலறல் இல்லை, இரத்தம் இல்லை. வேலைக்கு வந்த பெண் தன் வேலையைப் பற்றிக் கேட்ட ஒரு கேள்வி மட்டும் இருக்கிறது. இறுதியில் அந்தக் காலிக் கட்டிலிலிருந்து எழுந்துவருவதற்கு உடம்பே கிடையாது. படுக்கை விரிப்பையே அது உடம்பாக உடுத்திக்கொள்கிறது. அதன் முகம் கசங்கிய துணியின் முகம்.

இதைப் படித்த வாரத்தில், இரவு பத்து மணிக்கு மேல் மொட்டை மாடிக்குப் போனபோது கொடியில் என் தந்தையின் வெள்ளை வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. காற்று அதன் நடுவில் புகுந்து புடைத்து, தோளும் தலையும் போல ஒரு வடிவம் கொடுத்து, பிறகு மெல்ல விட்டுவிட்டது. அது வேட்டி என்று எனக்கு முழுமையாகத் தெரியும். ஆனாலும் அதைத் தொட்டு மடித்து எடுத்துவர என் கைக்குச் சற்று நேரம் பிடித்தது. கதையின் முடிவில் பார்க்கின்ஸும் அப்படித்தான் ஆகிறார்: கதவில் தொங்கும் வெள்ளை அங்கியையும், குளிர்கால அந்தியில் வயலில் நிற்கும் சோளக்கொல்லைப் பொம்மையையும் அவரால் பிறகு கலங்காமல் பார்க்க முடிவதில்லை. வீட்டில் அன்றாடம் புழங்கும் ஒரு பொருளை ஒரு கதையால் இப்படி மாற்றிவிட முடியும் என்பதை ஜேம்ஸிடம்தான் நான் கண்டேன்.

பேய் என்று ஒன்று வராமலேயே அச்சம் உண்டாகுமா?

உண்டாகும் என்பதற்கு அல்ஜெர்னான் பிளாக்வுட் 1907இல் வெளியிட்ட 'வில்லோ மரங்கள்' என்ற நெடுங்கதையைச் சான்றாகச் சொல்வேன். நண்பர்கள் இருவர் சிறு படகில் டான்யூப் ஆற்றில் போகிறார்கள். வியன்னாவைத் தாண்டி, புடாபெஸ்டுக்கு முன்னால், ஆறு பல கிளைகளாகப் பிரிந்து சதுப்பாகப் பரந்து கிடக்கும் இடத்தில் வெள்ளம் பெருக்கெடுக்கிறது. மணல் தீவொன்றில் கூடாரம் போடுகிறார்கள். தீவு முழுதும் ஆளுயர வில்லோ புதர்கள். மணிக்கணக்கில் தீவு கரைந்து சிறிதாகிக்கொண்டே வருகிறது. காலையில் எழுந்து பார்த்தால் புதர்கள் கூடாரத்துக்குச் சற்று அருகில் வந்திருப்பது போலத் தோன்றுகிறது. துடுப்பு ஒன்று காணாமல் போகிறது. மற்றொன்று யாரோ தேய்த்தது போல முறியும் அளவுக்கு மெலிந்திருக்கிறது. மணலில் புனல் வடிவக் குழிகள் தென்படுகின்றன.

அங்கே இருப்பது எதுவோ, அதற்கு மனிதர்கள்மேல் பகை கிடையாது. மனிதர்களைப் பற்றிய அக்கறையே அதற்கு இல்லை. அதன் எல்லைக்குள் தெரியாமல் கால் வைத்துவிட்டோம் என்ற உணர்வுதான் கதை முழுதும் கனத்துக்கொண்டே போகிறது. கூவம் போன்ற சிற்றாறுகளை மட்டும் பார்த்தவர்களைவிட, பெருக்கெடுத்த காவிரியின் திட்டுகளில் ஓர் அந்தியையாவது கழித்தவர்களுக்கு இந்தக் கதை இன்னும் நெருக்கமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. தொடக்கப் பக்கங்களில் பெரும்பாலும் ஆற்றின் வருணனையே வருகிறது. அதைத் தாண்டிக் குதிக்காமல் படிப்பது நல்லது. ஆற்றை நம்பினால்தான் பின்னால் வருவதையும் நம்ப முடியும்.

லவ்கிராஃப்டைப் படித்தே ஆகவேண்டுமா? அவர் இனவெறுப்புக் கொண்டவர் என்கிறார்களே?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். ஆம், ஹெச். பி. லவ்கிராஃப்ட் (1890–1937) இனவெறுப்புக் கொண்டவர். அது அவருடைய கடிதங்களில் மட்டுமின்றிக் கதைகளிலும் வெளிப்படையாக இருக்கிறது. கறுப்பர்களையும், குடியேறி வந்தவர்களையும், நம்மைப் போன்ற ஆசியர்களையும் அவர் அருவருப்போடு எழுதியிருக்கும் பத்திகளைப் படிக்கும்போது எனக்கு வலிக்கிறது. அக்காலத்தில் அப்படித்தான் இருந்தார்கள் என்று சொல்லிக் கடந்துபோக நான் விரும்பவில்லை. உலகக் கற்பனைப் புனைவு விருதாக நெடுங்காலம் வழங்கப்பட்டுவந்த அவருடைய தலைச்சிலையை, எழுத்தாளர்களின் எதிர்ப்புக்குப் பிறகு 2015இல் கைவிட்டார்கள். அது சரியான முடிவு.

அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் வறுமையில் வாழ்ந்து நாற்பத்தாறு வயதில் இறந்த அவருடைய கதைகள் பெரும்பாலும் 1923இல் தொடங்கப்பட்ட 'வியர்ட் டேல்ஸ்' போன்ற மலிவு விலை இதழ்களில் வந்தவை. 1939இல் நண்பர்கள் இருவர் அவற்றை நூலாக்குவதற்கென்றே ஒரு பதிப்பகம் தொடங்கியிராவிட்டால், அந்த இதழ்களின் தாளோடு கதைகளும் மட்கிப் போயிருக்கும். மனிதனுடைய மிகப் பழைய உணர்ச்சி அச்சம் என்றும், அச்சங்களில் மிகப் பழையது அறியாததைப் பற்றிய அச்சம் என்றும் தம் கட்டுரை ஒன்றில் அவர் எழுதினார். அந்தக் கருத்துக்கு அவரே தந்த சிறந்த எடுத்துக்காட்டு, 1927இல் வெளிவந்த 'விண்வெளியிலிருந்து வந்த நிறம்'.

அந்தக் கதையில் ஓர் உழவரின் கிணற்றடியில் விண்கல் விழுகிறது. அதற்குள் இருந்தது நாம் அறிந்த எந்த நிறத்தோடும் சேராத ஒரு நிறம். அந்த ஆண்டு பழங்கள் மிகப் பெரிதாகக் காய்க்கின்றன. வாயில் வைத்தால் கசப்பு. காற்றில்லாத இரவில் மரங்கள் அசைகின்றன. கால்நடைகள் சாம்பல் பூத்து நொறுங்குகின்றன. பிறகு குடும்பத்தில் ஒவ்வொருவராக. விளைச்சல் கெடுவதிலிருந்து ஒரு வீடு அழிவதுவரை படிப்படியாகச் சொல்லப்படும் அந்தக் கதையை, விவசாயக் குடும்பத்தில் பிறந்த என் மாமாவிடம் வாய்மொழியாகச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தார்களா? குடித்தார்கள். அந்த இடத்தையே மூழ்கடித்து நகரத்துக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கம் கட்டப்போகிறார்கள் என்பதுதான் கதையில் நம்மைத் தொடர்ந்து வரும் செய்தி. லவ்கிராஃப்டில் ஒரே ஒரு கதை படிப்பதென்றால் இதைப் படிக்கலாம். மற்றவற்றில் அடைமொழிகள் மிகுதி. பாதிக்கு மேல் என்னால் பொறுமையோடு படிக்க முடிந்ததில்லை.

முடிவே விளங்காத கதைகளை எப்படிப் படிப்பது?

ராபர்ட் ஐக்மன் (1914–1981) எழுதிய கதைகளைப் பற்றித்தான் பெரும்பாலும் இப்படிக் கேட்கிறார்கள். அவர் தம் கதைகளைப் பேய்க் கதைகள் என்று சொல்லாமல் விநோதக் கதைகள் என்றே சொல்லிவந்தார். ஒரு கதையில், வயதில் மூத்த கணவனும் இளம் மனைவியும் தேனிலவுக்காக ஒரு கடற்கரை ஊருக்கு வருகிறார்கள். ஊரிலுள்ள தேவாலயங்களின் மணிகள் விடாமல் அடிக்கின்றன. இருட்டில் கடலைப் பார்க்கப் போனால் கடல் தட்டுப்படவில்லை. நடக்க நடக்கக் கரைதான் நீள்கிறது. மணி அடிப்பது இறந்தவர்களை எழுப்புவதற்காக என்று பின்னர் தெரிகிறது. ஆனால் அன்றிரவு மனைவிக்கு உண்மையில் என்ன நேர்ந்தது, மறுநாள் அவள் முகத்தில் தெரிந்த மாற்றம் எதனால் என்பதை ஐக்மன் சொல்வதில்லை.

தொடக்கத்தில் நான் இப்படிப்பட்ட கதைகளைப் புதிர்களாக எடுத்துக்கொண்டு விடை தேடினேன். கிடைக்காதபோது எழுத்தாளர் ஏமாற்றிவிட்டதாகக் கோபம் வந்தது. இப்போது, விளங்காத இரவுக் கனவு ஒன்று பகல் முழுதும் நம்மோடு இருப்பதைப் போலவே அவற்றை ஏற்றுக்கொள்கிறேன். ஹென்றி ஜேம்ஸின் 'திருகின் ஒரு சுற்று' 1898இல் வெளிவந்தது. அதில் வரும் பேய்கள் உண்மையா, அவற்றைப் பார்ப்பதாகச் சொல்லும் ஆசிரியையின் மனப்பிரமையா என்று அமெரிக்கத் திறனாய்வாளர் எட்மண்ட் வில்சன் 1934இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இன்றுவரை வாதிடுகிறார்கள். இரு தரப்பும் அதே பக்கங்களிலிருந்தே சான்று காட்ட முடிகிறது. ஒரு கதை இத்தனை ஆண்டுகள் இரு கண்களாலும் பார்க்கப்படுவது எனக்குக் குறையாகத் தோன்றவில்லை.

இத்தகைய கதையை உண்மை என்று மக்கள் நம்பியது உண்டா?

உண்டு, அது வருத்தத்துக்குரிய வரலாறு. 1914 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் மான்ஸ் நகரருகே பிரிட்டிஷ் படை பெரிய ஜெர்மன் படையை எதிர்கொண்டு பின்வாங்க நேர்ந்தது. வேல்ஸ் நாட்டு எழுத்தாளர் ஆர்தர் மேக்கன், செப்டம்பர் 29 அன்று லண்டன் நாளிதழ் ஒன்றில் ஒரு சிறுகதை எழுதினார். தோல்வி உறுதி என்ற நிலையில் படைவீரன் ஒருவன் புனித ஜார்ஜை அழைக்க, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய அஜின்கோர்ட் போரின் ஆங்கில வில்லாளிகள் ஆவியாக வந்து பகைவர்மேல் அம்பு தொடுப்பதாகக் கதை. சில மாதங்களில் வில்லாளிகள் தேவதூதர்களாக மாறினார்கள். கண்ணால் கண்டவர்களிடம் கேட்டதாகப் பலர் சொல்லத் தொடங்கினார்கள். இது முழுக்கத் தம் கற்பனை என்று மேக்கன் திரும்பத் திரும்ப எழுதியும் பயனில்லை. கதையை மறுபதிப்புச் செய்ய விரும்பிய பாதிரியார் ஒருவர், அது உண்மையாகத்தான் இருக்கவேண்டும், நீங்கள் அதை விரித்து எழுதியிருக்கிறீர்கள் என்று அவருக்கே பதில் சொன்னார்.

அந்த நம்பிக்கையை மூடத்தனம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. மகனைப் போருக்கு அனுப்பிவிட்டுத் தந்திக்காகக் காத்திருந்த குடும்பங்களும் அதை நம்பியவர்களுள் இருந்தன.

உங்களுக்குப் பேய் நம்பிக்கை உண்டா?

இல்லை. பேய் நம்பிக்கை உள்ள என் பாட்டிக்கு இந்தக் கதைகள் ஒருபோதும் பிடித்ததில்லை; அவருக்குப் பேய் என்பது விளக்கேற்றி, திருநீறு பூசி, வாசலில் வேப்பிலை செருகிச் சமாளிக்கவேண்டிய ஒரு நடைமுறைச் செய்தி. நம்பாதவனாகிய எனக்குத்தான் படித்த பிறகு சமாளிக்க வழி எதுவும் இல்லாமல் போகிறது.

தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் இப்படி எழுதியிருக்கிறார்களா?

பேய்கள் நம் இலக்கியத்துக்குப் புதியவை அல்ல. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைத்துப் பந்தி வைக்கின்றன. திருவாலங்காட்டை அடுத்த பழையனூரின் நீலி கதையைக் கேளாதவர் குறைவு. 'நீலிக்கண்ணீர்' என்று இன்றும் சொல்கிறோம். கொன்ற கணவனைப் பழிவாங்க வரும் நீலி, கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ச் சபையின் முன் நியாயம் கேட்கிறாள். அந்தக் குழந்தை அவனைப் பார்த்து அப்பா என்று அழைக்கிறது. இடுப்பில் இருப்பது கட்டை என்பது கேட்பவருக்குத் தெரியும். சபையில் இருந்த வேளாளர்களுக்குத் தெரியாது. எம். ஆர். ஜேம்ஸின் படுக்கை விரிப்புக்கு இந்தக் கள்ளிக்கட்டை எள்ளளவும் குறைந்தது அன்று.

நவீன எழுத்தில் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' முதலில் நிற்கிறது. தூக்கம் வராத எழுத்தாளர் ஒருவருக்கு இரவில் விளங்காத ஒரு வாடை வருகிறது. பிச்சை கேட்டு வந்த பெண்ணை மனைவி இரக்கப்பட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறார். பிறகு நடப்பவற்றைக் கணவர் ஒருவிதமாகவும் மனைவி ஒருவிதமாகவும் பார்க்கிறார்கள். தொதொரோவ் சொன்ன தயக்கத்தை, அவர் சொல்வதற்குப் பல ஆண்டுகள் முன்பே திருநெல்வேலிக்காரர் ஒருவர் ஒரு சிறுகதையில் செய்து முடித்திருக்கிறார்.

வங்காளத்தில் தாகூர் 1895இல் எழுதிய 'பசித்த கற்கள்' கதையையும் சேர்க்கவேண்டும். பழைய அரண்மனையில் தங்கிய பருத்தி வரி வசூல் அலுவலர் தம் அனுபவத்தை ரயிலுக்காகக் காத்திருக்கும் இடத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார். கதையின் உச்சிக்கு வரும்போது ரயில் வந்துவிடுகிறது, அவர் ஏறிப் போய்விடுகிறார். மீதியை நாம் கேட்கவே முடிவதில்லை.

இவை எங்கே கிடைக்கும்?

ஆங்கிலம் படிப்பவர்களுக்கு எம். ஆர். ஜேம்ஸ், ஜேக்கப்ஸ், மேக்கன், பிளாக்வுட் ஆகியோரின் கதைகள் பல குடன்பெர்க் திட்ட இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐக்மனை மட்டும் நூலாக வாங்கியாகவேண்டும். புதுமைப்பித்தனின் கதைகள் பல பதிப்பகங்களின் வெளியீடாகக் கிடைக்கின்றன.

எப்படி, எப்போது படிப்பது நல்லது?

ஓர் இரவுக்கு ஒரு கதைதான். இரண்டாவது கதையைத் தொடங்கினால் முதல் கதையின் அமைதி கலைந்துவிடுகிறது. எழுத்தாளரின் உத்திகள் கண்ணில் படத் தொடங்கிவிடுகின்றன. முழுத் தொகுப்பையும் ஒரே மூச்சில் படித்துவிட்டு, எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்று குறைசொன்ன நண்பர்கள் எனக்கு உண்டு. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு 'குரங்கின் பாதம்' வேண்டாம். அது பேயைப் பற்றியதைவிடப் பெற்றோரைப் பற்றிய கதை.

முடிந்தால் ஒருவர் வாய்விட்டுப் படிக்க மற்றவர்கள் கேட்கலாம். எம். ஆர். ஜேம்ஸ் தம் கதைகளை அப்படிக் கேட்பவர்களுக்காகவே எழுதினார். சென்ற மார்கழியில் மின்சாரம் போன ஓர் இரவில், பார்க்கின்ஸின் கதையைத் தமிழில் அவ்வப்போது பெயர்த்துச் சொல்லிக்கொண்டே என் அக்காள் பிள்ளைகளுக்குப் படித்தேன். பணிப்பெண் இரண்டு கட்டில்களைப் பற்றிக் கேட்கும் இடம் வந்தபோது, மூத்தவள் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய், பக்கத்து அறையில் யாரும் படுக்காத கட்டிலின் விரிப்பை உருவிச் சுருட்டி, பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, மேலே படியுங்கள் மாமா என்றாள்.